இடது தோள்

குளிர்காலக் கோட்டுகளை அலமாரிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது, மூலையில் சாய்த்து வைத்திருந்த துப்பாக்கி சரிந்து தரையில் விழுந்தது. மார்லிஸ் ஹாகன் கையிலிருந்த கோட்டைப் போட்டுவிட்டுச் சமையலறை வழியாகப் பின்வாசலுக்கு ஓடி, கோழிக்கூட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றாள். எதுவும் வெடிக்கவில்லை. வீடு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. கோழிகள் மட்டும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தன.

அவள் கணவன் லைல் சரக்கு ரயில் ஓட்டுபவன். அன்றைக்கு மொன்டானாவின் மறுகோடியில் இருந்தான். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே அவனைப் போனில் பிடித்தாள்.

“லைல், அலமாரித் துப்பாக்கியில குண்டு இருக்கா?”

“எது, நரிக்கு வச்சிருக்கமே அதுலயா? இல்லன்னுதான் நினைக்கிறேன்.”

“நினைக்கிறியா?”

“தொண்ணூறு சதவீதம் இருக்காது மார்லிஸ்.”

“மிச்சம் பத்து சதவீதத்தை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு நான் எப்படி சமைக்கறது?”

லைலின் அக்கா வாண்டா முட்டை வாங்க வந்தபோது, மார்லிஸ் பின்வாசல் படியில் கோட்டில்லாமல் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு வாண்டா உள்ளே போனாள். துப்பாக்கியின் வாய் யார் பக்கமும் திரும்பாமல் எடுத்து, குண்டுக்கூட்டைக் கழற்றி, தாழ்ப்பாளைப் பின்னால் இழுத்து, உள்ளே எட்டிப் பார்த்து, சுண்டு விரலையும் விட்டுத் தடவினாள்.

“காலிடி.”

“நிஜமாவா?”

“பாரு, நான் சொன்னாலும் நீ நம்ப மாட்டேங்கற. உனக்கே பாக்கத் தெரியணும். சனிக்கிழமை பொம்பளைங்களுக்கு வகுப்பு ஆரம்பிக்குது. என்கூட வர்ற.”

“நான் சுட மாட்டேன் வாண்டா.”

“சுட வேணாம். கதவைத் திறந்து உள்ள யாரு இருக்கான்னு பாக்கக் கத்துக்கோ, போதும்.”

மார்லிஸுக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாமல் போனதற்குக் காரணம் உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில், லைலின் தம்பி ட்வைட் ‘ட்வெல்வ் போர்’ என்கிற பெரிய வேட்டைத் துப்பாக்கி ஒன்றை அவள் கையில் கொடுத்து, “சும்மா ஒண்ணு போடுங்க” என்றான். எப்படிப் பிடிப்பது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அவனுக்கு வேடிக்கை. அது உதைத்த உதையில் மார்லிஸ் அறுவடையான கோதுமைத் தாளின் மேல் பின்பக்கமாகப் போய் விழுந்தாள். வலது தோள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த நன்றி நவிலும் நாள் குடும்ப விருந்து ஒவ்வொன்றிலும், வான்கோழியை அறுக்கும் முன்னால் ட்வைட் எழுந்து நின்று அவள் விழுந்த விதத்தை நடித்துக் காட்டுவான். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

துப்பாக்கிச் சங்கத்தின் மைதானம் தானியக் கிடங்குகளைத் தாண்டி, பழைய சரளைக்கல் பள்ளத்தில் இருந்தது. பின்னால் உயரமான மண்மேடு. மேசைகளுக்கு முன்னால் நின்ற பயிற்சியாளரை மார்லிஸ் கிட்டப் போய் உற்றுப் பார்த்தாள்.

“டெசா? பாம்பு டெசாவா?”

அந்த இளம்பெண் காது வரைக்கும் சிவந்தாள். “மிஸஸ் ஹாகன், அது நாலாங்கிளாஸ்ல நடந்தது.”

“சாப்பாட்டு டப்பாவுக்குள்ள உயிரோட பாம்பைக் கொண்டாந்து என் பஸ்ஸுல விட்டவ. நான் நடுரோட்டுல வண்டியை நிறுத்த வேண்டியதாப் போச்சு. நீயா எனக்குப் பாதுகாப்பு சொல்லித் தரப்போற?”

கூட நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். மார்லிஸ் அந்த ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவள். அங்கிருந்த பாதிப் பேர் என்றைக்கோ ஒரு நாள் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான்.

அன்றைக்கு டெசா ஒரு குண்டையும் கண்ணில் காட்டவில்லை. காலித் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, விரல் எங்கே இருக்கிறது என்பதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். குறி வைத்துச் சுடுவது என்று முடிவெடுக்கிற வரைக்கும் விரல் விசைப்பக்கமே போகக் கூடாது. வெளியே, துப்பாக்கியின் மரப்பாகத்தின் மேல் நீளமாகக் கிடக்க வேண்டும். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடவே கூடாது. எந்தத் துப்பாக்கியைத் தொட்டாலும் குண்டு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

“காலின்னு தெரிஞ்சாலுமா?” என்று கேட்டாள் மார்லிஸ்.

“மிஸஸ் ஹாகன், மில் ரோட்டுல தண்டவாளத்தைத் தாண்டும்போது என்ன பண்ணுவீங்க?”

“பஸ்ஸை நிறுத்துவேன். கதவைத் திறந்து, காது குடுத்துக் கேப்பேன். ரெண்டு பக்கமும் பாப்பேன்.”

“அந்த நேரத்துல ரயிலே கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியுமே. உங்க வீட்டுக்காரர்தானே அதை ஓட்டறாரு.”

“தெரியும்னு நினைக்கறது வேற பொண்ணே, பாத்துத் தெரிஞ்சுக்கறது வேற.”

டெசா கையை விரித்தாள். “பாதிப் பாடம் முடிஞ்சுது.”

மார்லிஸுக்கு மனசுக்குள் ஏதோ ஒரு முடிச்சு இளகியது. இத்தனை வருஷமாகத் தினமும் செய்துவருகிற வேலைதானா இது என்று தோன்றியது. வீட்டுக்குப் போனதும் கோட்டைக் கழற்றக்கூடக் காத்திராமல் அலமாரித் துப்பாக்கியை எடுத்து, திறந்து, பார்த்து, தடவிப் பார்த்தாள். காலி. திரும்ப வைத்தாள். மனசு கேட்காமல் இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தாள். லைல் வந்ததும் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி மாட்டினால்தான் சாப்பாடு என்றாள். அவன் செருப்பைக் கழற்றாமலே கடைக்குப் போனான்.

சுடுவது மட்டும் வரவில்லை. அடுத்த வகுப்பில் காதுக் கவசமும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, சின்னத் துப்பாக்கியை வலது தோளில் பொருத்தி, மூச்சை அடக்கி விசையை இழுத்தாள். எதிரே மாட்டியிருந்த குறிக் காகிதம் புத்தம் புதிதாகவே இருந்தது. மறுபடி இழுத்தாள். மண்மேட்டில் தூசி பறந்தது.

“மேட்டைச் சரியா அடிக்கறடி,” என்றாள் வாண்டா. “தப்பிக்க விடாதே.”

டெசா துப்பாக்கியை வாங்கி, குண்டுகளோடு வெடிக்காத பொய்க்குண்டுகளையும் கலந்து போட்டாள். எது எப்போது வரும் என்று மார்லிஸுக்குத் தெரியாது. அவள் விசையை இழுத்தாள். ‘டிக்’ என்று மட்டும் கேட்டது. ஆனால் துப்பாக்கியின் வாய் தரையைப் பார்த்துத் தலைகுனிந்தது. அவள் தோள் காதைத் தொட்டது. இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன.

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. மார்லிஸ் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுத் தானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை. அவளுக்கு முன்னால் சுட்ட பல் டாக்டரின் உதவியாளப் பெண்ணும் இதே கூத்தைத்தான் பண்ணியிருந்தாள்.

“வராத உதைக்குப் பயப்படறேன், இல்ல?” என்றாள்.

“ஆமா. இந்தச் சின்னது உதைக்கவே உதைக்காது. உங்க தோளுக்கு அது இன்னும் தெரியல,” என்றாள் டெசா. பிறகு அவளை உற்றுப் பார்த்தாள். “கையை நீட்டி, ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல ஒரு ஓட்டை பண்ணி, அது வழியா என் மூக்கைப் பாருங்க.”

பார்த்தாள். டெசா ஒரு கண்ணை மூடச் சொன்னாள், பிறகு மற்றதை. வலது கண்ணால் பார்த்தால் மூக்கைக் காணோம். இடது கண்ணுக்கு மூக்கு பளிச்சென்று இருந்தது.

“நீங்க இடது கண்ணு ஆளு, குறி பிடிக்கறது உங்களுக்கு அதுதான்! இத்தனை நாளா தப்பான பக்கம் வச்சு அடிச்சிருக்கீங்க. தோளை மாத்துங்க.”

இடது தோளில் வைத்தபோது, வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டது போல இருந்தது. ஆனால் அந்தத் தோளில் பழைய வலி எதுவும் குடியிருக்கவில்லை. அதற்கு யாரும் எதுவும் செய்ததில்லை. மார்லிஸ் மூச்சைப் பாதி விட்டாள். விசையை மெதுவாக, எப்போது வெடிக்கும் என்று தனக்கே தெரியாதபடி அழுத்தினாள்.

காகிதத்தில், நடுவட்டத்தை ஒட்டிக் கறுப்பாக ஒரு ஓட்டை.

“வாண்டா! பாத்தியா? பாத்தியா?” துள்ளிக் குதித்தவள் சட்டென்று நின்று, குனிந்து தன் விரலைப் பார்த்தாள். விரல் வெளியேதான் இருந்தது. துப்பாக்கி மண்மேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் மீதியையும் குதித்து முடித்தாள்.

வகுப்பு முடிகிற சனிக்கிழமை குடும்பங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மேசைகளில் மாட்டிறைச்சி சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் வாண்டா செய்த, இனிப்புப் பூரணம் வைத்த ‘ருபார்ப் பை’ பலகாரமும் நிறைந்திருந்தன. குழந்தைகள் விரலை நக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சுடும் மேடையில் நின்று, தூரத்தில் நட்டிருந்த இரும்புத் தட்டுகளைச் சுட்டார்கள். பட்டால் ‘டிங்’ என்று பாடும். மார்லிஸ் தன் முறைக்காக லைலோடு பின்னால் நின்றாள்.

அப்போது ட்வைட் வந்தான். புதிதாக வாங்கிய மான்வேட்டைத் துப்பாக்கியை உறையில்லாமல் கையில் பிடித்துக்கொண்டு, மனைவி நொரீன் பின்னால் வர, சிரித்தபடியே வந்தான்.

“அண்ணி! இன்னிக்கும் தரையில படுத்துதான் சுடுவீங்களா?” என்று கத்தினான். யாரோ பக்கத்திலிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட, அப்படியே திரும்பினான். துப்பாக்கியின் வாயும் அவனோடு திரும்பி, சாப்பாட்டு மேசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தடவிக்கொண்டு போயிற்று. விரல் விசையின் மேல் இருந்தது.

மார்லிஸ் யோசிக்கவில்லை.

“நிறுத்துங்க எல்லாரும்! ட்வைட் ஹாகன், அசையாதே!”

அறுபது பிள்ளைகள் இருக்கிற பேருந்தின் கடைசி சீட்டு வரைக்கும் போய்ப் பழகிய குரல் அது. மேடையில் சுட்டுக்கொண்டிருந்த பெண்கள் துப்பாக்கிகளை வைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். ட்வைட் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றான்.

“விரலை வெளிய எடு. வாயை வானத்துக்குத் தூக்கு. அப்படியே நட. அந்த மேசையில, மண்மேட்டைப் பாத்து வை.”

“அண்ணி, இது காலிதான்…”

“பாத்தியா?”

“காலைல வீட்டுல…”

“இப்பப் பாத்தியான்னு கேட்டேன்.”

அவன் போய் வைத்தான். டெசா தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தாள். காலிதான். ட்வைட் முகத்தில் பாதிச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. “சொன்னேன்ல?”

“இப்பத்தான் பாத்தோம்,” என்றாள் மார்லிஸ். குரல் இறங்கவில்லை. “அது வரைக்கும் இங்க யாருக்கும் தெரியாது, உனக்கும் சேத்து. நீ எங்க திருப்பினேன்னு திரும்பிப் பாரு.”

ட்வைட் திரும்பிப் பார்த்தான். மேசையின் ஓரத்தில் அவனுடைய பேத்தி, மூக்கெல்லாம் ருபார்ப் பூசிக்கொண்டு, தாத்தாவை ஏன் திட்டுகிறார்கள் என்று வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது. தொப்பியைக் கழற்றினான்.

“தப்புதான் அண்ணி.” தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அன்னிக்கு அந்த ட்வெல்வ் போரைக் குடுத்ததும் தப்புதான்.”

“அதுவும் தப்புதான்,” என்றாள் மார்லிஸ். “போய்ச் சாப்பிடு. உருளைக்கிழங்கு சூடு ஆறிடும்.”

“அது ஆறிப்போன சாலடுதானே,” என்று லைல் முணுமுணுத்தான். வாண்டா அவனை முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

மறுபடி சுடலாம் என்று டெசா கையைக் காட்டினாள். மார்லிஸ் இடது தோளில் துப்பாக்கியை வைத்தாள். முதல் தட்டு தப்பியது. நின்று, மூச்சை விட்டு, நிதானமாக மறுபடி வைத்தாள். ‘டிங்.’ அடுத்தது ‘டிங்.’ கடைசித் தட்டும் பாடியபோது லைல் தொப்பியைக் காற்றில் எறிந்தான். அது போய் சாலடுக்குள் விழுந்தது.

அவள் துப்பாக்கியைத் திறந்து, பார்த்து, தடவி, வைத்துவிட்டு நகர்ந்தபோது, எப்போதும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து பின்னல் போடுகிற நொரீன் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

“கல்யாணம் ஆனதுலேருந்து இந்த ஆளை யாராவது ஒரு அதட்டு அதட்ட மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு இருந்தேன் மார்லிஸ்,” என்றாள் மெல்ல. பிறகு டெசாவிடம் திரும்பினாள். “அடுத்த வகுப்புல இடம் இருக்குமா கண்ணு?”

“அடுத்த வகுப்பு எதுக்கு? முதல் பாடம் இப்பவே ஆரம்பிக்கலாம். மொதல்ல என் மூக்கைப் பாருங்க.”

நொரீன் வலது கண் ஆள் என்று தெரிந்தது. காலித் துப்பாக்கியை நெடுநேரம் திறந்து மூடிப் பழகியபின், டெசா அவளுக்கு ஒரே ஒரு குண்டு கொடுத்தாள். தட்டு பாடவில்லை. மண்மேட்டில் தூசிதான் பறந்தது. ஆனால் நொரீன் போட்ட கீச்சுக் குரலுக்குத் தானியக் கிடங்கின் கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமாக எழும்பின.

“உதைக்கவே இல்ல!” என்று கத்தினாள். “ட்வைட், இது உதைக்கவே இல்ல!”

சாண்ட்விச்சை வாயில் வைத்துக்கொண்டிருந்த ட்வைட், மெல்லுவதை நிறுத்தி, மனைவியைப் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான். மார்லிஸ் அவளுடைய காதுக் கவசத்தைச் சரி செய்துவிட்டு, “இன்னொண்ணு குடு டெசா, ஒண்ணோட விடற ஆளு இல்ல இவ,” என்றாள்.