மத்தியான வாய்க்கால்

விசா வருவதற்கு முன்னாடியே பிளெக்ஸ் வந்துவிட்டது. வம்பே அங்கேதான் ஆரம்பம். "பிரான்சு தேசம் புறப்படும் கிறிஸ்துதாஸ் – பெர்னதெத் தம்பதியரை வாழ்த்தி வழியனுப்புகிறோம்" என்று தெருமுனையில் கட்டியாச்சு. அதில் கிறிஸ்துதாஸ் கோட்டுப் போட்டுக் கை கூப்பியிருந்தார். கோட்டு அவருடையதில்லை, பிளெக்ஸ் கடைக்காரன் போட்டுவிட்டது. புறப்படுவதற்கு முந்தின நாள் விசா இல்லை என்று தகவல் வந்தது. ஒழுங்கான மனுஷன் என்ன செய்வான்? "கிடைக்கலப்பா" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு லுங்கியைக் கட்டிக்கொண்டு உட்காருவான். இவர் மாலையைப் போட்டுக்கொண்டு, தெருவே பட்டாசு வெடிக்க, பெண்டாட்டியோடு வேனில் ஏறினார். திண்டிவனம் வரைக்கும் போய் டிபன் சாப்பிட்டுவிட்டு, ஊர் அடங்கினதும் கொல்லைக் கதவு வழியாக வீட்டுக்குள் நுழைந்தார்.

"டூர் முடியற வரைக்கும் வெளிய தலையைக் காட்டக் கூடாது" என்றார்.

பெர்னதெத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு டூரில் காட்டுகிற பழைய கோட்டையும் வேண்டாம், திராட்சைத் தோட்டமும் வேண்டாம். அந்தச் சீமையில் பெஸியே என்கிற ஊரில் அவள் தம்பி டோனி இருக்கிறான். அவன் கல்யாண போட்டோவில் தன்னை ஓரமாக நிறுத்திவிட்டார்கள் என்று கிறிஸ்துதாஸ் பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்தான். அன்றிலிருந்து போக்குவரத்து கிடையாது. கிறிஸ்மஸுக்கு அக்காளும் தம்பியும் ஃபோனில் ஒரு வாழ்த்து அனுப்பிக்கொள்வதோடு சரி. சொல்லாமல் கொள்ளாமல் போய் அவன் எதிரில் நிற்கணும், அவன் முகத்தைப் பார்க்கணும் என்றுதான் இவள் இந்த டூருக்கே தலையாட்டினாள்.

இப்போது என்னடாவென்றால், வீட்டுக்குள்ளேயே பிரான்சு! கிறிஸ்துதாஸ் டூர் திட்டத்தில் ஒன்றைக்கூட விடவில்லை. அடுப்பங்கரைதான் கர்கசோன் கோட்டை. ஹால், நர்போன் பட்டணம். ஒயின் வாங்க வெளியே போக முடியாது. போனாலும் இந்த ஊரில் ஒயின்ஸ் என்று போர்டு வைத்த கடையில் எல்லாம் இருக்கும், ஒயின் மட்டும் இருக்காது. கிறிஸ்மஸுக்கு அவள் வீட்டிலேயே போட்ட ஒயினில் மிச்சம் இருந்தது. அதை மோந்து பார்த்து, "அந்த ஊர் மண் வாசனை தெரியுது பார்" என்றார்.

"ஜாடியைச் சரியா கழுவல, அதான்" என்றாள் பெர்னதெத்.

அடுத்தது கால்வாய். "கனால் துய் மிதி! மிதின்னா மத்தியானம். மத்தியான வாய்க்கால்!" பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில் அவருக்கு மிஞ்சினது அவ்வளவுதான். "மத்தியானத்துல மட்டும்தான் தண்ணி விடுவாங்க போல" என்று அவராகவே ஒரு விளக்கமும் கொடுத்தார். ஆகவே உச்சி வெயில் நேரத்தில் இரண்டு பேரும் பாத்ரூமில் முக்காலி போட்டு, பிளாஸ்டிக் தொட்டியில் காலை விட்டு உட்கார்ந்தார்கள். யாருடைய படகு போட்டோவிலோ தங்கள் தலைகளை ஒட்டி, "மத்தியான வாய்க்காலில் நாங்கள்" என்று கிறிஸ்துதாஸ் தன் ஃபோனிலும் பெர்னதெத் ஃபோனிலும் ஸ்டேட்டஸ் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் பெர்னதெத் ஃபோனில் டோனியின் வாய்ஸ் மெசேஜ் வந்து குதித்தது. "அக்கா! இங்கயா இருக்கே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இங்க மிதின்னா தெற்குக்கா, மாமாகிட்ட சொல்லு. போட்டோல பின்னால தெரியற அந்த மதகுகிட்டயே நில்லு, இதோ வந்துட்டேன்!"

கிறிஸ்துதாஸ் வெலவெலத்துப் போனார். "கர்கசோன் கிளம்பிட்டோம்னு போடு!" என்று சொல்லிவிட்டு, ஈரக்காலோடு அடுப்பங்கரைக்கு ஓடினார். அந்த அவசரத்தில் பெர்னதெத்தும் பின்னாலேயே ஓடினாள்.

"கர்கசோனா? ஒரு மணி நேரத்துல வந்துடறேன்!" என்றான் டோனி.

"நர்போன்! நர்போன்!" என்று ஹாலுக்கு ஓட்டம். மறுநாளும் இதே கூத்து. டோனி லீவு போட்டான். அவன் பெண்டாட்டி மீன் குழம்பு வைத்துக் காரில் ஏற்றிவிட்டாள். "நர்போன் உள்ள வந்துட்டேன்" என்று அவன் சொன்னதும் கிறிஸ்துதாஸ் கட்டிலுக்கடியில் புகுந்தார்.

"யோவ், அவன் வர்றது பிரான்சுலய்யா!" என்று பெர்னதெத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்கும் மறுநாள் மறுபடி டோனியின் குரல் வந்தது. இந்தத் தடவை அவன் கத்தவில்லை.

"அக்கா, மதகுகிட்டதான் நிக்கிறேன். குழம்பு ஆறிப்போச்சு. நான் எங்க வந்தாலும் நீ கிளம்பிப் போயிடறே. மாமா கோவம் தெரிஞ்சதுதான். உனக்குமா என் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கல? அப்படின்னா சொல்லிடுக்கா. நான் வீட்டுக்குப் போயிடறேன்."

எவனைப் பார்க்க இத்தனை நாள் ஏங்கினாளோ, அவனையல்லவா வாய்க்கால் கரையில் அனாதை மாதிரி நிற்க வைத்தாச்சு! பெர்னதெத் விடுவிடுவென்று வாசல் பக்கம் போனாள்.

"ஏய், கதவைத் தொறக்காதே! என் மானம் போயிடும்!" என்று மறுபடியும் கட்டிலுக்கடியிலிருந்தே சத்தம் வந்தது.

"உன் மானத்துக்கு என் தம்பி என்ன பாவம் பண்ணான்?" தாழ்ப்பாளைப் படாரென்று தள்ளி, நைட்டியோடு தெருவில் இறங்கினாள்.

எதிர்வீட்டு ஜோவிதா மீன்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பேரத்தைப் பாதியில் விட்டு வாயைப் பிளந்தாள். "அக்கா, எப்ப வந்தீங்க?"

"போகவே இல்லடி!" என்றாள் பெர்னதெத், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

அங்கே நின்றபடியே டோனிக்கு வீடியோ கால் போட்டாள். திரையில் அவன் முகமும், பின்னால் பச்சைத் தண்ணியும் தெரிந்தன. கண் சிவந்திருந்தது. பாவி, முன்னந்தலை மயிரெல்லாம் கொட்டிப் போயிருந்தது.

"டேய், நான் எங்க நிக்கிறேன் பாரு!" ஃபோனைத் திருப்பி ஜோவிதாவை, மீன் கூடையை, கரண்டு கம்பத்தை எல்லாம் காட்டினாள். "எங்களுக்கு விசாவே கிடைக்கல. உங்க மாமா பாத்ரூம்ல வாய்க்கால் விட்டாரு. நான் உன்னை விட்டு எங்கயும் ஓடலடா. அங்க வரவே இல்லடா!"

டோனி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"நெஜமாவே வரலியா?"

"மாதா மேல சத்தியமா வரல."

"நல்லவேளைக்கா" என்றான் டோனி.