தலைகீழாய் நின்ற தூண்

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் நன்றி சொல்கிறார்கள். மலையடிவாரத்துக் கடையில் கதவு திறந்தால் கதவு நன்றி சொல்கிறது. காசு போட்டால் தேநீர் பாட்டில் தள்ளும் பெட்டி நன்றி சொல்கிறது. நான் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தால்கூடக் கடைப்பெண் என் முதுகுக்குப் பின்னால் குனிந்து நன்றி சொல்கிறாள். எதற்கம்மா என்று ஒரு நாள் திரும்பிப் போய்க் கேட்டேன். கேட்டதற்கும் ஒரு நன்றி சொன்னாள். இப்படி வாரி இறைத்தால் அந்தச் சொல்லில் என்ன மிஞ்சும்? நான் ஹிதா மலையில் மரம் வெட்டிப் பிழைத்தவன். எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் நம் உயிரைக் காப்பாற்றினால் வாயைத் திறக்க மாட்டோம். மறுநாள் விடியுமுன் அவன் ரம்பத்தைத் தீட்டி வைத்திருப்போம். அவனுக்கும் புரியும்.

அதனால்தான் தச்சு மேஸ்திரி கமிதேக்கு நான் நன்றி சொல்லவில்லை. கிழவனுக்குக் கல் நெஞ்சு என்று ஊர் பேசுகிறது. பேசட்டும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டின் நடுத்தூண் கேயாகி என்கிற வைரம் பாய்ந்த மரம். ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. வீட்டின் உத்திரமெல்லாம் அதன் தலையில்தான் வந்து உட்காருகின்றன. அடுப்புக்குழியின் புகை தலைமுறை தலைமுறையாய்ப் படிந்து தார் பூசியது போல் கறுத்துக் கிடக்கும். இந்த இலையுதிர் காலத் தொடக்கத்தில் தரைப்பலகைக்கு அடியில் புகுந்து அதன் அடியைக் கத்தியால் குத்திப் பார்த்தேன். டோஃபுவில் இறங்குவது போல் இறங்கியது. எங்கள் பக்கம் பனி கூரையை மூடும். அந்தக் காலோடு இன்னொரு குளிர்காலத்தை வீடு தாங்காது.

வீட்டில் நான் ஒருத்தன்தான் இருந்தேன். என் பெண்டாட்டி தொகியே இடுப்பில் அறுவை செய்துகொண்டு தகயாமாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தாள். இடுப்பு ஆறிவிட்டது, தடி ஊன்றி நடக்கிறாள், ஆனால் வரவில்லை. நான் போன் போட்டால் மழையைப் பற்றிப் பேசினாள். கடைசியில் ஒரு நாள் வாயைத் திறந்தாள்.

"அந்த வீட்டுக்கு என்னைப் பிடிக்காதுங்க. இத்தனை நாள் அதோட மல்லுக்கட்டியாச்சு. இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு இனிமே முடியாது."

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. அவள் கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில், பனி கனத்ததும் வீடு முனகியது. அதற்கு முன்னாலும் முனகியிருக்கும், யாரும் காது கொடுத்திருக்க மாட்டோம். அன்றைக்கு என் அம்மா சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு மருமகளைப் பார்த்தாள். இவள் வந்ததால்தான் வீடு முனகுகிறது என்பது அந்தப் பார்வை. அதற்குப் பிறகு வீடு முனகும்போதெல்லாம் குச்சியைக் கீழே வைப்பாள், இவளைப் பார்ப்பாள். அம்மா போன பிறகும் வீடு முனகியது. அப்போதெல்லாம் தொகியேயின் கை நிற்கும். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். நான் பார்க்காதது போல் சாப்பிட்டு எழுந்து போவேன். இது என்ன, மரம்தானே, சத்தம் போடும் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். மரத்தைப் பற்றி நான் சொன்னதை அவள் நம்பினாள். வீட்டைப் பற்றிச் சொன்னதை நம்பவில்லை.

ஆக, வீடு நிற்க வேண்டும், நின்றால் மட்டும் போதாது, அவளும் வர வேண்டும். வராவிட்டால் நிற்கிற வீட்டை வைத்து நான் என்ன செய்ய?

கமிதேயைக் கூப்பிட்டேன். இந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடு அவர்கள் குடும்பம் கட்டியது. எங்கள் வீட்டை நிறுத்தியவர் அவனுடைய கொள்ளுத்தாத்தா. அதற்காக நான் நம்பிவிடவில்லை. வாய் ஓயாத ஆள் அவன். உளி தட்டும்போதும் பேச்சு, இழைப்புளி தள்ளும்போதும் பேச்சு. பத்து மணித் தேநீருக்குச் சொன்ன வேடிக்கையையே மூன்று மணித் தேநீருக்கும் சொல்லித் தானே சிரிப்பான். அவ்வளவு பேசுகிறவன் எதையோ மறைக்கத்தான் பேசுகிறான் என்பது என் கணக்கு.

அழுகின காலை அறுத்துவிட்டுப் புதுக்காலை ஒட்டுவேன் என்றான். ஆணி கிடையாது, பசை கிடையாது. வீட்டின் காலை வெட்டிவிட்டு அதன் கீழே என்னைப் படுக்கச் சொல்கிறாயா என்று கேட்டேன்.

"பெரியவரே, பல்செட்டை நம்பித்தானே சோறு திங்கறீங்க?" என்றான்.

புதுக்காலுக்கு மரம் என்னிடமே இருந்தது. நான் வெட்டிய கடைசி மரம், ஒரு கஷ்கொட்டை. கொட்டகையில் பல வருஷம் காய்ந்து கிடந்தது. ஈரத்துக்கு அசையாத மரம். கமிதே அதைத் தட்டிப் பார்த்தான், மோந்து பார்த்தான், வேர்ப்பக்கம் எது என்று கேட்டான். காட்டினேன். தச்சர்களுக்கு அது முக்கியம். மரம் மலையில் எப்படி நின்றதோ அப்படியே வீட்டிலும் நிற்க வேண்டும். வேர் கீழே, நுனி மேலே. மாற்றி நிறுத்தினால் வீடு முனகும், வீட்டில் சீக்கு வரும் என்பார்கள். அது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

உத்திரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்து, வீட்டை ஒரு நகக்கனம் தூக்கினான். மறுநாள் காலையில், வெட்டுக்கோடு போடுவதற்காகத் தூணின் கரியை இழைப்புளியால் ஒரு பட்டை சீவினான். உள்ளே மரம் தேன் நிறத்தில் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். விளக்கைக் கொண்டுவந்து பார்த்தான். இன்னும் மேலே ஒரு பட்டை சீவிப் பார்த்தான்.

அதோடு அவன் பேச்சு நின்றுவிட்டது.

பத்து மணித் தேநீருக்கு வேடிக்கை இல்லை. ஊறுகாயைத் தொடவில்லை. இதோ ஆரம்பித்துவிட்டான், முழுத்தூணும் போச்சு, மாற்றணும் என்று சொல்லப் போகிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவனோ வீட்டம்மா எப்போது வருவார்கள் என்று கேட்டான். எதற்கு என்றேன். இருவரும் இருக்கும்போது சொல்ல வேண்டிய விஷயம் என்றான். அவன்மேல் இருந்த சந்தேகம் எனக்கு இரண்டு மடங்கானது.

நல்லவேளையோ கெட்டவேளையோ, அன்றைக்கே தொகியே வருவதாக இருந்தது. தங்குவதற்கு இல்லை. அவளுடைய ஊறுகாய்ப் பீப்பாயையும் அதன்மேல் வைக்கிற கல்லையும் எடுத்துப் போக. பெண்பிள்ளை பீப்பாயை எடுத்துப் போகிறாள் என்றால் வீட்டை விட்டே போகிறாள் என்று அர்த்தம். மகள் சயோகோ காரில் கொண்டுவந்து விட்டாள். தொகியே உள்ளே வந்ததும் தூணைப் பார்க்கவில்லை. தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு புத்தர் மாடத்துக்குப் போய் என் அம்மா படத்துக்கு ஊதுவத்தி ஏற்றினாள். வந்தவளுக்குக் கை சும்மா இருக்காது, தேநீர் போட்டு எல்லாருக்கும் ஊற்றினாள்.

கமிதே தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். மண்டியிட்டு உட்கார்ந்தான். நெற்றி தரையில் படும்படி குனிந்தான்.

"அம்மா, இந்தத் தூண் தலைகீழா நிக்குது. நட்டது எங்க கொள்ளுத்தாத்தா. தப்பு எங்க வீட்டோடது."

நான் எழுந்து விளக்கை எடுத்துக்கொண்டு போனேன். மரத்தை நெடுக அறுத்தால் அதன் வளர்ச்சிக் கோடுகள் மலைமுகடு போல் நுனியைப் பார்த்துக் குவியும். அந்தப் பட்டையில் முகடுகளெல்லாம் தரையைப் பார்த்துக் குவிந்திருந்தன. ஒரு கணுவும் கீழ்ப்பக்கமாய்ச் சாய்ந்திருந்தது. பிறந்ததிலிருந்து அந்தத் தூணில் முதுகு சாய்த்தவன் நான், மரம் வெட்டுகிறவன் வேறு. கரி மூடியிருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு ஆத்திரமாய் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

"எங்களுக்கு எதுக்குய்யா இதைச் சொல்றே?" என்றேன். "புதுக்காலை வெச்சு மூடியிருந்தா எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே," என்றான்.

தொகியே தேநீர்க் கெண்டியைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ, பனி விழுந்தா முனகுமே, அது?"

"தலைகீழா நின்னா முனகும்னு எங்க ஆளுங்க சொல்வாங்கம்மா. நெசமா பொய்யா, எனக்குத் தெரியாது. ஆனா அடி அழுகி, பனிப்பாரம் வரும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமா எறங்கியிருக்கு. முனகாம என்ன பண்ணும்?"

"நான் வர்றதுக்கு முந்தியேவா?"

"நீங்க பொறக்கறதுக்கு முந்தியே."

சயோகோ அம்மாவின் கையிலிருந்து கெண்டியை வாங்கி வைத்தாள். தொகியே தடியை ஊன்றி எழுந்தாள். புத்தர் மாடத்துக்கு முன்னால் போய் நின்றாள். என் அம்மாவின் படத்தைப் பார்த்து, சத்தம் கூட்டாமல், அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்வது போல் சொன்னாள்.

"கேட்டுக்கிட்டீங்களா அத்தை."

அவ்வளவுதான். அழுகை கிடையாது. திரும்பி வந்து உட்கார்ந்தாள், கமிதேயின் தட்டில் சிவப்பு முள்ளங்கி ஊறுகாயை அள்ளி வைத்தாள். பீப்பாயைக் காரில் ஏற்றணுமா என்று மகள் கேட்டதற்கு, அது அங்கேயே இருக்கட்டும், இந்த வருஷத்து முள்ளங்கி இன்னும் போடவில்லையே என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கொட்டகையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.

திரும்பி வந்தபோது கமிதேக்குப் பேச்சு வந்திருந்தது. தொகியேக்கு விளக்கிக்கொண்டிருந்தான். இரண்டு மரத்தைச் சேர்க்கும்போது வேரும் வேரும் முட்டும்படி சேர்க்க மாட்டார்களாம்; அது பிரிவுக்கு அடையாளம். எந்தத் தச்சனும் செய்ய மாட்டான். வேரும் நுனியும் சேர்வதுதான் வழக்கம். இங்கே பழைய தூண் தலைகீழாய் நிற்பதால் அதன் நுனி கீழே இருக்கிறது. புதுக்கால் வேரை ஊன்றி நேராய் நின்றால் அதன் நுனி மேலே வரும். நுனியும் நுனியும் சந்திக்கும்.

"அதுக்கு என்ன பேரு?" என்று கேட்டாள்.

"சந்திப்புன்னுதான் சொல்வோம். எதிரெதிரா வந்த ரெண்டு பேரு பாத்துக்கற மாதிரி."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அழுகின பாகத்தை அறுத்து எடுத்தான். மிஞ்சின தூணின் முனையில் மேலே ஒரு படி, கீழே ஒரு படி, நடுவில் ஒரு நாக்கு என்று செதுக்கினான். புதுக்காலிலும் அதே மாதிரி எதிர்ப்படி. ஒரு மயிரிழை சீவுவான், பொருத்திப் பார்ப்பான், திரும்ப எடுப்பான். அந்த நாட்களில் அவன் வாய்க்கும் கைக்கும் சம்பந்தமே இல்லை. வாய் தன் மாப்பிள்ளையோடு போட்ட சண்டையைச் சொல்லிக்கொண்டிருக்கும், கை மரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். கடைசியில் பக்கவாட்டில் தள்ளி இரண்டையும் பூட்டினான். நடுவில் விரல்கனத்துக்கு ஒரு சதுரச் சந்து இருந்தது. அதில் ஓக் மர ஆப்பை வைத்து, கொட்டாப்புளியைத் தொகியேயிடம் நீட்டினான். முதல் அடி அவள் அடித்தாள். மற்றதை அவன் அடித்தான். அடிக்க அடிக்க இரண்டு மரமும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு இறுகின. கோடு தெரிந்தது, இடைவெளி தெரியவில்லை. ஜாக்கியை இறக்கினபோது வீடு ஒரு தடவை பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது.

மாலையில் தூணுக்குக் கொஞ்சம் சாக்கே மது வைத்துக் கும்பிட்டோம். பக்கத்து வீட்டு முரயாமா வந்திருந்தான், கோயில் சாமியாரும் வந்திருந்தார். சாமியார் தூணைப் பார்த்துவிட்டு, இது தப்பாக இருக்காது, வேண்டுமென்றே செய்திருப்பார்கள் என்றார். எதுவும் முழுசாய் முடிந்துவிட்டால் அன்றிலிருந்து தேயத் தொடங்குமாம். அதற்காக அந்தக் காலத்துத் தச்சர்கள் ஒரு தூணை மட்டும் மாற்றி நிறுத்தி வீட்டை முடியாததாய் விட்டு வைப்பார்களாம். முரயாமா தலையாட்டினான். தொகியேக்கு அது பிடித்திருந்தது. கமிதேயைக் கேட்டார்கள். அப்படி ஒரு வழக்கம் இருப்பது உண்மை, தன் கொள்ளுத்தாத்தா அதற்குச் செய்தாரா, குடித்துவிட்டுச் செய்தாரா, தெரியாது என்றான்.

நடுத்தூணைப் போய் எவனாவது வேண்டுமென்றே கவிழ்ப்பானா? முரயாமாவின் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

அடுத்த வாரம், மிச்சமிருந்த கஷ்கொட்டைக் கட்டையை வண்டியில் ஏற்றிக் கமிதேயின் பட்டறையில் இறக்கினேன். நல்ல கட்டை, இன்னும் இரண்டு வீட்டுக்குக் கால் ஆகும். ஒரு முனையில் கரித்துண்டால் பெரிதாக வேர் என்று எழுதியிருந்தேன். அவன் வெளியே வந்து பார்த்தான்.

"உங்க குடும்பத்துக்கு எழுதித்தான்யா குடுக்கணும்," என்றேன்.

அவன் தொடையில் தட்டிச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எனக்குத் தலை குனிந்தான். அவனுக்குப் புரிந்தது. இதைவிட நான் என்ன சொல்ல வேண்டும்? என் வீட்டில் ஒருத்தி நிம்மதியாய்ச் சோறு தின்கிறாள். அந்தக் கடைக் கதவு சொல்கிற சொல்லையா அதற்குச் சொல்வது?

போன வாரம் முதல் பனி விழுந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தொகியே தலையைத் தூக்கிக் காது கொடுத்தாள். நானும் கொடுத்தேன். பனி கூரையில் இறங்குகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.

"பாத்தீங்களா, முனகல. மேஸ்திரி இது பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் தாங்கும்னாரு."

"கணுக்கால் உசரப் பனிக்கு எந்த வீடும் முனகாது. பிப்ரவரி வரட்டும்."

"உங்களுக்கு எதுலதான் நம்பிக்கை?"

எழும்போது அந்த ஒட்டுக்கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். நகம் சிக்கவில்லை. சிக்காவிட்டால் என்ன, நாலடி பனிக்கு ஓர் ஆப்பு எந்த மூலைக்கு? கணுக்கால் உசரம்தான் என்றாலும், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கூரைப்பனி தள்ள வெளியே போனேன்.