முளைக்காத பாலிகை

என் கல்யாணத்தை நிறுத்தியது ஒரு சட்டிப் பயறு. இப்போது கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள், அப்பா களத்துமேட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

எங்கள் ஊர் உறுவையாறு. நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். மாப்பிள்ளை வீடு வில்லியனூர். தூரத்து உறவுதான், ஆனால் அவர்கள் வியாபாரிகள். வீட்டுக்குப் பின்னால் சாயப் பட்டறை வைத்திருந்தார்கள். பந்தக்கால் நட்ட அன்று வழக்கப்படி இரண்டு வீட்டிலும் பாலிகை தெளித்தோம். சட்டியில் மண் பரப்பி, நவதானியம் விதைத்துத் தண்ணீர் விடுவார்கள். பயிர் தழைத்தால் குடும்பம் தழைக்கும் என்பது நம்பிக்கை. எங்கள் சட்டியில் பயிர் காடாக எழும்பியது. அவர்கள் சட்டியில் மருந்துக்குக்கூட ஒரு முளை இல்லை.

உடனே தீர்ப்பும் வந்துவிட்டது: பெண் ராசியில்லாதவள்.

அதைச் சொல்லிவிட்டுப் போக மாமனார் ஜெகநாதனும் மாமியார் சிவகாமசுந்தரியும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். "தப்பா நெனைக்காத குழந்தைவேலு," என்றார் மாமனார் என் அப்பாவிடம். "மூத்த மருமவ வந்து ரெண்டு வருசத்துல ரெண்டு கரு கலைஞ்சு போச்சு. இன்னொரு ராசி கெட்டதை வூட்டுக்குள்ள விட முடியாதுப்பா."

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குச் சுரீரென்றது. பாலிகை பட்டுப்போன பெண் என்று பெயர் எடுத்தால், பாகூர் வரைக்கும் தேடினாலும் எனக்கு மாப்பிள்ளை கிடைக்காது. அதைவிட, இது என்ன நியாயம்? விதைநெல்லை ஈரத்துணியில் முடிந்து முளைப்புப் பார்க்காமல் எங்கள் வீட்டில் ஒரு வயல் விதைத்ததில்லை. முளைக்காவிட்டால் விதையைப் பார்ப்போம், மண்ணைப் பார்ப்போம், தண்ணீரைப் பார்ப்போம். ஊரில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று பார்க்க மாட்டோம்.

"மாமா, ஒரே வெதை, ஒரே மண்ணு. தண்ணி மட்டும் வேற வேற. நாலு சட்டி வெச்சுப் பாத்துடலாமா?" என்று தலையை நீட்டிக் கேட்டேவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளியது இன்னும் நினைவிருக்கிறது.

"இன்னாடி இது, பொண்ணு பேசுது!" என்றார் மாமியார்.

"வில்லியனூர் கோயில் நந்தவனத்துலயே வெப்போம் அத்தை. அம்மன் பேரும் கோகிலாம்பாள், என் பேரும் கோகிலாம்பாள். அவளே சொல்லட்டும்."

இங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டார்கள். பூக்கட்டிப் பார்க்காமல் ஒரு கழுதைகூட வாங்காத குடும்பம் அது. வெறும் பயறு சொன்னால் கேட்க மாட்டார்கள், அம்மன் சொன்னால் கேட்பார்கள். "சரி, அவ வாக்கு தப்பாது," என்று மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முதல் சட்டிக்கு எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். இரண்டாவதற்கு அவர்களுடைய அடுத்த தெருக் கிணறு. மூன்றாவதற்கு அவர்களுடைய பக்கத்து வீட்டுக் கிணறு. நான்காவதற்கு அவர்கள் வீட்டுக் கிணறு. குருக்கள் நான்குக்கும் கற்பூரம் காட்டினார். மூத்த மருமகள் வள்ளியம்மாள்தான் தினமும் அவர்கள் வீட்டுத் தண்ணீரை இடுப்பில் சுமந்து வருவாள். மாமனாருக்கு அது போதவில்லை. "எங்க கெணறு தோக்கறதாவது!" என்று தன் சட்டிக்கு மட்டும் இரண்டு பங்கு ஊற்றினாராம். நல்ல மனிதர், அவசரக்காரர்.

ஒரு வாரம் கழித்து இரண்டு குடும்பமும் நந்தவனத்தில் கூடினோம். எங்கள் சட்டியும் அடுத்த தெருச் சட்டியும் பச்சைப்பசேல். பக்கத்து வீட்டுச் சட்டியில் பாதிதான் வந்திருந்தது, அதுவும் நோஞ்சான் பயிர். மாமனார் இரட்டைப் பங்கு ஊற்றி வளர்த்த சட்டியில் மண்தான் இருந்தது. கிளறிப் பார்த்தால் பயறு கறுத்துக் கிடந்தது.

"வூட்டை நெருங்க நெருங்கல்ல பட்டுப்போவுது!" என்றார் மாமியார். அவர் குரலே மாறிவிட்டது.

அப்போது மாப்பிள்ளை பேசினார். அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். "பட்டறைத் தண்ணிப்பா. காக்கிச் சாயம் புடிக்கறதுக்குப் போடறோமே, அந்த ஆரஞ்சு உப்பு. மிச்சத்தைக் கெணத்தோரப் பள்ளத்துலதானே ஊத்தறோம்? ரெண்டு வருசமாத் தண்ணி மஞ்சளாத்தானே வருது?"

அந்த உப்பு கப்பலில் வந்தது. 'பிக்ரோமாத்' என்று அதன் பிரெஞ்சுப் பெயரை வாய் நிறையச் சொல்லிப் பெருமைப்படுவார் மாமனார். இப்போது அந்தப் பேச்சை எடுக்காமல் எங்கள் பக்கம் திரும்பினார். "சரி, பொண்ணு மேல தப்பில்ல. அம்மன் சொல்லிட்டா. கல்யாணத்தை வெச்சுக்கலாம்."

"எனக்கு வேணாம் மாமா," என்றேன். அம்மாவின் கை எட்டாத தூரத்தில்தான் நின்றேன். "ஒரு பயறு மொளைக்காத தண்ணி. அதைக் குடிச்சா வயித்துல புள்ள எப்புடித் தங்கும்? மொதல்ல அந்த உப்பு வூட்டை விட்டுப் போவணும்."

"அவ்ளோதானே? டின்னோட இன்னைக்கே ஆத்துல கொட்டிடறேன்!"

"யோவ்!" என்று அப்பா துள்ளிக் குதித்தார். "அந்த ஆறு நேரா எங்க ஊருக்குத்தான்யா வருது!"

குருக்கள் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். டின்னை விற்றவனிடமே திருப்பிவிட்டு, பள்ளத்தையும் கிணற்றையும் மூடிவிட்டுப் பழையபடி அவுரி நீலத்துக்கே போவது என்று முடிவாயிற்று. நானும் சரி என்றேன்.

வள்ளியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் இருந்த குடத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை," என்றாள். "அப்ப ரெண்டு தடவையும்... என் ராசியால இல்லியா?"

தண்ணீரால்தானா என்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்? ஆனால் அவள் ராசிதான் காரணம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மாமியார் எழுந்து வந்து அவள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கினார். தண்ணீரை அந்தப் பட்டுப்போன சட்டியிலேயே கவிழ்த்தார். கோயில் கிணற்றில் குடத்தை மூன்று முறை அலசி, நிரப்பி, தன் இடுப்பிலேயே ஏற்றிக்கொண்டார்.

"வா வள்ளி, வூட்டுக்குப் போவலாம்," என்றார். அதுவரை அவளை 'ஏய்' என்றுதான் கூப்பிடுவாராம்.