உள்தாழ்ப்பாள்

எங்கள் வீட்டில் குளியலறைக்கு மட்டும்தான் தாழ்ப்பாள். ஏழு பேர், மூன்று படுக்கையறைகள், எல்லாக் கதவுகளும் திறந்தே கிடக்கும். "நம்ம வீட்ல ஒளிவு மறைவு கிடையாது" என்று மாமியார் பெருமையாகச் சொல்வார். அழ வேண்டுமென்றால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவேன். மூன்றாவது நிமிடம் கொழுந்தன் தட்டுவான். "அண்ணி, உள்ளயே குடி போயிட்டீங்களா?"

போன வாரம் மனநல மருத்துவரிடம் போனோம். போனோம் என்றால் நான், கணவர், மாமியார். மருத்துவர் என்னைப் பார்த்து, "தூக்கம் எப்படி?" என்றார்.

"நல்லாத் தூங்குவா" என்றார் மாமியார்.

"பசி?"

"அதுக்கொண்ணும் குறையில்ல டாக்டர்" என்றார் கணவர்.

மருத்துவர் இருவரையும் வெளியே அனுப்பினார். அரை மணி நேரம் நான் பேசினேன். மாத்திரைச் சீட்டின் அடியில் அவர் ஒரு வரி எழுதினார்: தினமும் ஒரு மணி நேரம், தனியாக, கதவை மூடிக்கொண்டு.

மாத்திரைகளைக் கணவர் அன்றே வாங்கிவிட்டார். அந்தக் கடைசி வரியைத்தான் யாரும் வாங்கவில்லை.

எனவே சமையலறையை ஒட்டிய சாமான் அறையை நானே காலி செய்தேன். அரிசி மூட்டை மாமியாரின் கட்டிலுக்கு அடியில் போனது. ஒரு நாற்காலி உள்ளே வந்தது. தச்சருக்கு போன் செய்து, "சாமான் ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் போடணும்" என்றேன்.

அவர் வந்த நேரம் பொங்கிய பாலை இறக்கிவிட்டு வருவதற்குள், கதவின் வெளிப்பக்கத்திலிருந்து நான்கு துளைகள் போட்டுவிட்டார் மனிதர். மெல்லிய பலகை. துளைகள் உள்பக்கம் வரை போய்விட்டன.

"உள்பக்கம் போடுங்கண்ணே."

"சாமான் ரூமுக்கு யாராவது உள்ள போடுவாங்களாம்மா? உள்ள இருந்து யாரு பூட்டுறது?"

"நான்."

மாமியார் வந்து நின்றார். "ஏன், அரிசிக்கு வெக்கம் வந்துருச்சாமா?"

கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். கணவர் தச்சரிடம் மெதுவாக, "ஓட்டை போட்டாச்சுல்ல, வெளியிலயே மாட்டிட்டுக் கிளம்புங்க" என்றார்.

"எனக்கு வெளித்தாழ்ப்பாள் கல்யாணமான நாள்லருந்து பதினாலு வருஷமா இருக்கு" என்றேன். "இது உள்ள."

தச்சர் கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கூப்பிட்டது இந்த அம்மாதான்" என்று முனகிக்கொண்டே உள்ளே போனார்.

"ஊர் என்னடி சொல்லும்?" என்றார் மாமியார்.

"சத்தமா சொல்லச் சொல்லுங்க அத்தை. உள்ள கேக்கணும்ல."

நான்கு மணிக்கு உள்ளே போனேன். புதுத் தாழ்ப்பாள் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் தள்ளினேன். நான்கு துளைகள் வழியே நான்கு வெளிச்சப் பொட்டுகள் என் மடியில் விழுந்தன. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கணவர் தட்டினார். "டீ?"

"தூள் நீல டப்பால இருக்கு. அடுப்பு அதே எடத்துலதான் இருக்கு. அஞ்சு மணிக்கு வரேன்."

வெளியே கிசுகிசுப்பு. பிறகு மடியில் ஒரு பொட்டு அணைந்தது. துளையில் யாருடைய கண்ணோ.

கையோடு கொண்டுவந்திருந்த மருத்துவரின் சீட்டிலிருந்து அந்தக் கடைசி வரியை மட்டும் கிழித்தேன். சுருட்டி, அந்தத் துளையில் செருகினேன்.