பூங்காவின் பொக்கைவாய்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அலுவலகத்தில் என் அறைக்குள் நுழைகிறவர்கள் வெளியே இருக்கும் எழுத்தரிடம் "இன்னைக்கு எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். நகராட்சியில் மழைநீர் வடிகால் பொறியாளர் வேலை எனக்கு. பதினெட்டு வருடமாக நான் கத்துவது ஒரே விஷயத்துக்காகத்தான். வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, தண்ணீர் இப்படிப் போகும், அப்படித் திரும்பும் என்று விரலால் கோடு இழுக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "தாளுக்கு மேடு பள்ளம் தெரியுமா? எழுந்து போய்த் தரையைப் பாருங்க" என்பேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வாய் இது. சொந்த அக்கா விஷயத்தில் என்ன செய்தேன் என்பதையும் அதே வாயால் சொல்லிவிடுகிறேன்.

அக்கா வீட்டுக்கு எதிரே ஒரு பூங்கா. நடுவில் தெரு. அந்தத் தெரு கிண்ணத்தின் அடி மாதிரி. மூன்று பக்கத்து மழைத்தண்ணீரும் அங்கேதான் வந்து நிற்கும். சாலைக்கு அடியில் உள்ள குழாய் சாதாரண மழைக்குப் போதும், பெருமழைக்குப் போதாது. அதனால் பூங்காவின் விளையாட்டுத் திடலை இடுப்பளவு தோண்டி இறக்கினேன். பெருமழை வந்தால் தெருத்தண்ணீர் திடலுக்குள் இறங்கி நிற்கும். மழை விட்டதும் ஒரு சின்னக் குழாய் வழியாக மெல்ல வடியும். பிள்ளைகளுக்கு இரண்டு நாள் விளையாட்டு இல்லை, நஷ்டம் அவ்வளவுதான். தண்ணீர் உள்ளே வருவதற்காகத் தெருவோரச் சுவரில் நாலு எட்டு அகலத்துக்கு ஓர் இடைவெளி விட்டேன். பார்க்க லட்சணமாக இருக்காது. முன்பல் விழுந்த மாதிரி இருந்ததால் அக்கம்பக்கத்தார் அதற்குப் 'பொக்கைவாய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானே ஒருமுறை ஞாபகமில்லாமல் கோப்பில் அப்படி எழுதி மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

யாருக்காகத் தோண்டினாய் என்று கேட்டால் ஊருக்காக என்றுதான் சொல்லவேண்டும். உள்ளுக்குள் அது அத்தானுக்காக.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். சாலை முழுக்கத் தண்ணீர் நின்றாலும், அது சுழிக்கிற விதத்தைப் பார்த்தே குழி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒதுக்கி ஓட்டுவார். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஆமாம் என்றால் கண்ணை ஒருமுறை மூடித் திறப்பார். தரைத்தளத்து முன்னறையில், ஜன்னலை ஒட்டிக் கட்டில். பூங்காவைத் தோண்டுவதற்கு முந்தைய வருட வெள்ளத்தில் அந்த அறைக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. நாலு பேர் சேர்ந்து அவரை நாற்காலியில் வைத்து மாடிக்குத் தூக்கினோம். மாடிப்படி குறுகல், பாதியில் திரும்பும். அந்தத் திருப்பத்தில் என் கால் வழுக்கியது. அத்தானுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. "இனிமே இவரைத் தூக்கற வேலையே வேண்டாம். இன்னொரு தடவை விழுந்தா உயிருக்கு நான் பொறுப்பில்ல" என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். ஆகவே அந்த அறைக்குள் இனித் தண்ணீர் வரக்கூடாது. வந்தால் அவரைக் கொண்டுபோக இடமில்லை.

பொக்கைவாய் வந்தபின் பெய்த முதல் பெருமழையில் தெருத்தண்ணீர் இரைச்சலோடு திடலுக்குள் இறங்கியது. அக்கா வீட்டு வாசலில் மூன்று படி. முதல் படிகூட முழுதாக நனையவில்லை. அத்தான் ஜன்னல் வழியாக அரைநாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வரும் வண்டிக்கு வழிவிடுகிற ஓட்டுநர் மாதிரி இடது கையை வீசி, போ போ என்று தண்ணீரை அனுப்பிக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

பூங்காச் சுவரை ஒட்டி உள்பக்கமாக ஒரு நடைபாதை சுற்றிவருகிறது. பொக்கைவாய் வரும் இடத்தில் மட்டும் பாதை தெரு மட்டத்துக்கு இறங்கி மறுபடி ஏறும். காலையில் நடக்கிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் தலைவர், அக்கா செயலாளர். நாள் முழுக்க அத்தான் பக்கத்திலேயே இருக்கிறவளுக்குத் தனக்கென்று கிடைப்பது அந்த முக்கால் மணி நேரம்தான். அந்தப் பள்ளத்தில் எப்போதும் சேறு. ஓர் அம்மாள் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அக்காவும் ஒருநாள் சேற்றில் உட்கார்ந்து எழுந்து வந்தாள்.

"அந்தப் பள்ளத்த மட்டும் ஒரு முழம் தூக்கிக் குடுடி. பாதை ஒரே சீரா ஆயிடும். நாப்பது பேர் கையெழுத்துப் போட்டு மனு குடுத்திருக்கோம்" என்றாள்.

"மனு வந்தா பாக்கறேன்."

"பாக்கறேன்னா கிணத்துல போட்ட கல்லு மாதிரிதான். இத்தனை வருஷத்துல உங்கிட்ட நான் ஏதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன்.

நடைபாதை வேலை பூங்காப் பிரிவினுடையது. வடிகாலுக்குப் பாதகமில்லை என்று நான் ஒரு கையெழுத்துப் போடவேண்டும். அதற்கு முன் மட்டக்கருவியோடு ஆள் போய் அளந்து வரவேண்டும், நானும் நேரில் பார்க்கவேண்டும். நான் வரைபடத்தை விரித்தேன். சுவரின் இடைவெளி அதில் அப்படியே இருந்தது. பாதை வெறும் இரண்டு கோடு. கோட்டை ஒரு முழம் தூக்கினாலும் தாளில் அது கோடுதான். எனக்குத் தெரியாத இடமா, நான் தோண்டிய திடல், வாரம் தவறாமல் போகிற தெரு என்று ஒரு தெனாவெட்டு. 'தளம் நேரில் பார்வையிடப்பட்டது. ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சுவரின் வாயை நான் அடைக்கவில்லை. அதற்கு இரண்டடி உள்ளே, ஒரு முழ உயரத்துக்கு ஒரு கரை கட்ட அனுமதி கொடுத்தேன். அன்றைக்கு யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

வேலை நடந்த வாரம் சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எதிரே கொத்தனார் கல் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரே சத்தம், புழுதி. அத்தான் இடது கையால் ஜன்னல் கம்பியைத் தட்டித் தட்டி வெளியே காட்டினார். அவர் தொண்டையில் என்னவோ சத்தம் உருண்டது.

"ரெண்டு நாளா இப்படித்தான் பண்றாரு. சத்தம் ஆகல போல" என்றாள் அக்கா.

"தூசி வேற வருதுல்ல" என்று சொல்லி நான் எழுந்து ஜன்னலைச் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டேன். அத்தான் கையைக் கீழே போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாத்தியா, அடங்கிட்டாரு" என்றேன்.

மூன்று மாதம் கழித்து அந்த மழை வந்தது. விடியலில் பிடித்தது பத்து மணிக்கும் விடவில்லை. நான் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, இருக்கிற பம்புகளையெல்லாம் ஊரின் மற்ற மூலைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அக்கா தெருவைப் பற்றிக் கவலையே இல்லை. பத்தரைக்கு அவளே போன் செய்தாள்.

"இங்க ஒண்ணும் பயமில்லடி. முதல் படி முங்கிடுச்சு, ஆனா வழக்கமா வடிஞ்சிடும்ல. மேனேஜர் சார் கொடையோட வந்து பாதையப் பாத்துட்டு நிக்கிறாரு. ஒரு பொட்டு சேறு இல்லையாம். திடல்கூட அங்கங்க குட்டைதான், புல்லு தெரியுதாம்."

"திடல்ல தண்ணி இல்லையா?"

"இல்லைங்கறேன்."

தெருவில் ஒரு படி தண்ணீர் நிற்கும்போது திடலில் முழங்கால் அளவாவது இருக்கவேண்டும். அப்போதுதான் அந்தக் கணக்கு, மூன்று மாதம் முன்பே போட்டிருக்கவேண்டிய கணக்கு, தானாக வந்து நின்றது. பாதை ஏறியது ஒரு முழம். அக்கா வீட்டு மூன்று படியும் சேர்ந்தால் ஒரு முழம். அத்தானின் தரையைத் தொட்ட பிறகுதான் தண்ணீர் பூங்காவைத் தொடும்.

பம்பு எல்லாம் போய்விட்டது. திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும். கொத்தனாரின் வீடு பூங்காவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அவரைக் கூப்பிட்டேன். "கடப்பாரை, சம்மட்டி எடுத்துக்கிட்டுப் பொக்கைவாய்க்கு ஓடுங்க."

"இப்பதானே கட்டினோம், அதுக்குள்ள எது இடிஞ்சுதும்மா?"

"இடியலையேன்னுதான் கூப்புடறேன். இடிங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் இரண்டாம் படியை மூடியிருந்தது. முழங்கால் நனைய நடந்து பொக்கைவாய்க்குள் நுழைந்தேன். பாதைமேல் மேனேஜர் குடையோடு குறுக்கே நின்றார். எதிரில் கொத்தனார் கடப்பாரையைப் பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்தார்.

"ஆர்டர் இல்லாம ஒரு கல்லத் தொடக்கூடாதுங்கறேன். நாப்பது பேர் நடையா நடந்து வாங்கினது" என்றார் மேனேஜர்.

"நடக்கறதுக்குத்தானே சார் சங்கமே வெச்சிருக்கீங்க. ஆர்டர் குடுத்தவளே வந்துட்டேன், தள்ளுங்க."

"அப்ப நீங்க பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

வாய்வரை வந்த கோபம் அங்கேயே நின்றது. "பாக்கல சார். பாக்காமலே பாத்தேன்னு எழுதினேன். நாளைக்கு என் மேல மனு குடுங்க, நாப்பது பேரும் கையெழுத்துப் போடுங்க. இப்ப அந்த வீட்டுல தூக்க முடியாத மனுஷர் ஒருத்தர் படுத்திருக்காரு."

அவர் என்னைப் பார்த்தார். தெருவுக்கு அந்தப்பக்கம் அக்கா வீட்டுப் படியைப் பார்த்தார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். கொத்தனார் முதல் அடி போட்டார். கல் அசையவில்லை. "மனுஷன் நல்லா வேலை செஞ்சாலும் வம்புதான்" என்று முனகிக்கொண்டே சம்மட்டியை எடுத்தார்.

அக்கா தண்ணீரில் தடுமாறி வந்தாள். "ஏண்டி, நல்லா இருக்கறத எதுக்கு உடைக்கற?"

"தண்ணி போற வழிய அடைச்சுட்டோம்க்கா" என்றேன். சொன்ன உடனே நாக்கு கூசியது. "அடைச்சுட்டேன்."

அவள் தெருவைப் பார்த்தாள், திடலின் புல்லைப் பார்த்தாள், தன் வாசலைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் வரைபடம் காட்ட வேண்டியிருக்கவில்லை. "நான் கேட்டதாலயா?" என்றாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, பெயர்ந்த கல்லை வெறுங்கையால் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் மேனேஜரும் குனிந்தார்.

கால் மணி நேரத்தில் ஒரு கையகலம் உடைந்தது. தண்ணீர் முதலில் தயங்கி நூலாக வந்தது, பிறகு மண்ணை அரித்துக்கொண்டு வழியைப் பெரிதாக்கியது. அரை மணியில் நாலு எட்டு அகலமும் திறந்துகொள்ள, தெரு மொத்தமும் இரைந்துகொண்டு திடலுக்குள் இறங்கியது. அக்கா வீட்டின் மூன்றாம் படியில், வாசலுக்கு ஒரு விரற்கடை கீழே, தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அப்புறம் இறங்கியது.

சேறும் சகதியுமாக நானும் அக்காவும் முன்னறைக்குள் போனோம். தரை காய்ந்திருந்தது. சாரல் அடிக்கும் என்று காலையில் அக்கா இழுத்துவிட்ட திரை அப்படியே கிடந்தது. அத்தான் இவ்வளவு நேரமும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். நான் திரையை விலக்கினேன். உடைந்த பாதை வழியாகத் தண்ணீர் இறங்குவதைப் பார்த்ததும் அவருடைய இடது கை மேலே எழுந்தது. போ, போ என்று வீசினார். அப்புறம் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஜன்னல் கம்பியைத் தட்டி அதே இடத்தைக் காட்டினார். அந்தச் சனிக்கிழமை தட்டிய அதே தட்டல்.

"அத்தான், அன்னைக்கு இதத்தான் சொன்னீங்களா?"

கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, தேம்பித் தேம்பி அழுதேன். தரையைப் பாருங்க என்று பதினெட்டு வருடம் கத்தியிருக்கிறேன். தரையைப் பார்த்தது இந்த ஒரு மனிதர்தான். அவர் முகத்துக்கு நேராகத் திரையை இழுத்துவிட்டு, அடங்கிட்டாரு என்று சொன்னது நான்.

மறுநாள் மேலதிகாரியிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். விசாரணை நடக்கிறது, நடக்கட்டும். பொக்கைவாய்க்கு மேலே நடக்கிறவர்களுக்காக ஒரு பலகைப் பாலமும், அடியில் தண்ணீருக்குத் திறந்த வழியும் என்று முடிவாயிற்று. வழியை வெட்டுகிற அன்று மட்டக்கருவியோடு இரண்டு ஆட்கள், கொத்தனார், நான், எல்லோரும் அங்கே நின்றோம். மேனேஜர் குடையோடு வந்துவிட்டார்.

"மட்டம் சரியா இருக்கும்மா. பூசிடலாமா?" என்றார் கொத்தனார்.

நான் திரும்பி எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். திரையை அக்கா கழற்றியே எடுத்துவிட்டிருந்தாள். கம்பிகளுக்கு நடுவே அத்தானின் இடது கை, கீழே, இன்னும் கீழே என்று அசைந்தது.

"இன்னும் ஒரு விரற்கடை இறக்குங்க" என்றேன்.