தேவிப்ரியா அக்காவான கதை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ‘சாவி’ போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல் என்று விளக்கும் காணொளியை மூன்று முறை பார்த்தேன். மூன்றாவது முறைதான் போர்த்துக்கீசியர் என் காதில் விழுந்தார்கள். அந்தப் பெண் இடுப்பில் செருகிய சாவியை அவ்வளவு மெதுவாக உருவினாள். கதை அங்கேதான் பிறந்தது.

2

மல்லசமுத்திரத்துக் காலைப் பனியில் தேவிப்ரியா

(வேண்டாம். எட்டு மணிக்கு முன் அவள் எழுவதில்லை.)

தேவிப்ரியா தமிழ் எம்.ஏ. கல்லூரியில் சொற்பிறப்பு நடத்தியபோது பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். முதுகு தெரியும் ரவிக்கையும் கள்ளச் சிரிப்புமாக அதையே போனில் காணொளியாக நடத்தினாள். ஊரே பாடம் கேட்டது. அந்தக் கூட்டம் கலைந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே பயம்.

3

கணவன் தனசேகர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய ஆட்கள் சோற்று நேரத்தில் பார்ப்பதும் அவளைத்தான். யாரென்று அவன் சொன்னதில்லை. ஒருநாள் அவர்களில் பொன்னன் விசிலடிக்க, இவனுக்கு வாய் தவறிவிட்டது.

“டேய், அது என்ர சம்சாரம்டா!”

(இங்கே அவன் ஊருக்கு வந்து போனை உடைப்பதாக எழுதி அடித்துவிட்டேன். அவனுக்கு அவள் மேல் கொள்ளைப் பெருமை. இப்படியொரு கணவன் இருப்பானா? எனக்கும் சந்தேகந்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.)

மறுநாள் காணொளிக்குக் கீழே பொன்னன் எழுதினான்: “அக்கா, வணக்கமுங்க. சாப்டீங்களா?”

அடுத்து கந்தப்பன்: “அண்ணன் நல்லா இருக்காருங்க அக்கா.”

செய்தி மற்ற ரிக் வண்டிகளுக்கும் பரவியது. ஆந்திராவிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் ‘அக்கா’க்கள் வந்து குவிந்தன. அத்தனை தம்பிகளுக்கு நடுவே ஜொள்ளுவிட மற்றவர்களுக்கும் கூச்சமாகிவிட்டது. கூட்டம் கரைந்தது.

4

தேவிப்ரியா போனில் அழுதேவிட்டாள்.

“ஏனுங்க, உங்காளுங்க மருவாதி குடுத்தே என்ர பொழப்பக் கெடுத்துட்டாங்க!”

“எழுதாதீங்கடான்னு திட்டிட்டேன் சாமி. மன்னிப்புக் கேக்கறானுக. அதுலயும் அக்கான்னுதான் எழுதறானுக.”

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

5

முதல் முடிவு: அவள் கழுத்து மூடிய ரவிக்கைக்கு மாறி (சீச்சீ, இல்லை).

இரண்டாவது முடிவில் தனசேகர் வேலையை விட்டுவிட்டு வருகிறான். இவன் வந்து என்ன செய்ய?

நான் இப்படித் திணறிக்கொண்டிருக்கையில் அவளே ரவிக்கை நாடாவை முடிந்துகொண்டு கேமராவுக்கு முன் வந்து நின்றாள். ஓரக்கண்ணால் பார்த்தாள். உதட்டை மெல்லக் கடித்து விடுவித்தாள்.

“இன்னைக்கு நம்ம சொல்லு... ‘அக்கா’. எங்கிருந்து வந்துச்சு, சொல்லட்டுங்களா?”

காணொளி ஏறிவிட்டது. கீழே கருத்து ஒன்றும் இன்னும் விழவில்லை. எழுதலாமென்றால் என் வீட்டில் தெரிந்துவிடும். நீங்கள் எழுதுங்கள். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், புண்ணியமாகப் போகும்.