காதில் வைத்த கம்பி

மகள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள் ஃபாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டாள். அவள் அப்பாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதற்கான ஃபாரம். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"டாக்டர் தெளிவா சொல்லிட்டாரும்மா. நாம பேசுறது எதுவும் அப்பாவுக்குப் புரியலை. எல்லாத்துக்கும் தலையாட்டுறாரு, அவ்வளவுதான்."

"முப்பத்தஞ்சு வருஷமா நான் சொன்ன ஒண்ணுக்கும் தலையாட்டாத மனுஷன்டி அவரு. இப்ப ஆட்டுறாருன்னா யோசிச்சுத்தான் ஆட்டுறாரு."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. அவருக்கு வலது பக்கமும் பேச்சும் போயின. எனக்கு அழுகை முதல் மாதத்தோடு வற்றிவிட்டது. அதற்குப் பிறகு எழுந்திருக்கிறேன், குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன், துடைக்கிறேன். எதுவும் உறைப்பதில்லை. யாராவது "நீங்க எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் மட்டும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் அவருக்குப் புரியவில்லை என்று யார் சொன்னாலும் விடமாட்டேன். என் சாட்சி வாசல் ஷெட்டில் நிற்கிறது. நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய கார். ஒருநாள்கூட அதை வெளியாள் கையில் கொடுத்தவரில்லை இவர். ஒரு நீளக் கம்பியை எஞ்சினில் ஊன்றி, மறுமுனையைக் காதோடு வைத்து, கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அவர் படுத்த பிறகு ஸ்பானர் என் கைக்கு வந்தது. சக்கர நாற்காலியை பானெட் ஓரமாகத் தள்ளி நிறுத்துவேன். கம்பியை அவர் காதில் வைத்து "இதானா?" என்பேன். தலையாட்டுவார். வாட்டர் பம்ப் மாற்றியது அப்படித்தான். பெல்ட் ஓடும் உருளையை மாற்றியதும் அப்படித்தான். எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறதென்று கெட்டி ஆயிலுக்கு மாறியதுகூட அவரைக் கேட்டுத்தான். ஒரு தடவைகூட அவர் தப்பாகச் சொன்னதில்லை.

"வந்து உன் கண்ணால பாரு. அப்புறம் ஃபாரத்தை நீட்டு," என்றேன்.

"சரி. அப்பாவுக்கு நிஜமாவே புரியுதுன்னா இதைக் கிழிச்சுப் போட்டுடுறேன். இல்லன்னா நீ கையெழுத்துப் போடணும். பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன், போ."

டீ போட்டு எடுத்துவருவதாகச் சொல்லி அடுப்படிக்குப் போனாள். நான் அவரை ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

ஒரு வாரமாக எஞ்சினில் டிக் டிக் என்று ஒரு சத்தம். புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கரி படிந்திருப்பதைக் காலையிலேயே பார்த்திருந்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்து, அந்த இடத்துக்குப் பக்கத்தில் கம்பியை ஊன்றி, மறுமுனையை அவர் காதில் வைத்தேன்.

"புகை கசியுது. கேஸ்கட் போயிடுச்சு, அதானே?"

தலையாட்டினார். பார்த்தாயா என்று மகளைக் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் எஞ்சின் இரண்டு தரம் குலுங்கி நின்றுவிட்டது. சூடேறும்வரை சில நாள் அப்படிப் படுத்தும்.

அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அதே நிதானம். கம்பியை எடுக்கப் போன என் கை அப்படியே நின்றது. அடுப்படியில் கரண்டி படும் சத்தம் கேட்டது.

"என்னங்க, கேக்குதா?"

தலையாட்டினார்.

"வண்டிதான் நின்னுடுச்சே. இன்னுமா கேக்குது?"

அதற்கும் ஆட்டினார்.

வாட்டர் பம்பிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்த பிறகுதான் அன்றைக்குக் கம்பியை எடுத்தேன். உருளையைக் கையால் சுற்றி, அது கரகரப்பதை உணர்ந்த பிறகுதான் அவரைக் கேட்டேன். கேள்வியும் நான்தான், பதிலும் நான்தான். எட்டு மாதமாக இந்த ஷெட்டில் நான் தனியாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போதாவது அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கையில் கிரீஸ் பட்டிருந்தது, புடவையில் துடைத்துக்கொண்டேன்.

மகளின் செருப்புச் சத்தம் கேட்டது. என் கை தானாகப் போய்ச் சாவியைத் திருகியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து கம்பியைப் பழைய இடத்தில் வைத்தேன்.

டீ டம்ளர்களை ஓரமாக வைத்துவிட்டு அவள் அப்பாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சின்ன வயதில் அவரோடு இதே ஷெட்டில் கிடந்தவள், நாலு வார்த்தை அவளுக்கும் தெரியும்.

"அப்பா, அந்த டிக் டிக் சத்தம் என்னது? எஞ்சினுக்குள்ள டேப்பட் தட்டுதா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"சரியாம்மா? டேப்பட்தானா?"

"ஆமாடி," என்றேன். "டேப்பட்தான். அவரு சொன்னா தப்பாது."

அவள் கையோடு கொண்டுவந்திருந்த ஃபாரத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். துண்டுகளைக் கீழே போடாமல் கைக்குள்ளேயே கசக்கிக்கொண்டாள். நான் ஜெயித்துவிட்டேன், அவர் என்னோடுதான் இருப்பார். இனிமேல் அவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன்.

மகள் அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினாள்.

"என்னை மன்னிச்சிடுங்கப்பா. உங்களுக்கு ஒண்ணும் புரியாதுன்னு நெனச்சுட்டேன்."

அதற்கும் அவர் தலையாட்டினார்.